உண்ணி கடிச்சா வைரஸ் வருமா? ஆட்டுக்கொட்டகைல ஆரம்பிச்சு என் உடம்பு வரைக்கும் வந்த கதை

உண்ணியைப் புடுங்கி ரெண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவுல வச்சு நசுக்குற பழக்கம் எனக்கு ரொம்ப வருஷமா இருந்துச்சு. வீட்ல ஒரு நாய், மாமனார் வளர்க்குற ஏழு ஆடு, இதுங்களோடவே பொழுது போறதால காது மடல்லயும் கால்விரல் இடுக்குலயும் உண்ணி பாக்குறது பாத்திரம் கழுவுற மாதிரி ஒரு தினசரி வேலை. புடுங்கணும், நசுக்கணும், கையை பாவாடைல துடைச்சுக்கிட்டு அடுத்த வேலைக்குப் போகணும், அவ்ளோதான். ரத்தம் குடிச்சு உப்புன உண்ணியா இருந்தா பட்டுனு வெடிச்சு விரலெல்லாம் ரத்தமாகும், அதையெல்லாம் நான் ஒரு விஷயமாவே எடுத்துக்கிட்டதில்ல.

ஒரு நாள் ஒரு ஆட்டுக்கு காய்ச்சல், தீனி எடுக்கலனு வெட்னரி டாக்டரம்மா வந்திருந்தாங்க. அவங்க ஆட்டைப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே நான் பக்கத்துல நின்னு வழக்கம்போல ஒண்ணப் புடுங்கி நசுக்கினேன். அவங்க ஸ்டெதஸ்கோப்பை காதுலேர்ந்து எடுத்துட்டு என் கையைப் பாத்து, "ஏம்மா, விரல்ல ஏதாச்சும் வெட்டு, கீறல் இருக்கா?"னு கேட்டாங்க. இருந்துச்சு, காலைல அரிவாள்மணைல பட்டது. "முதல்ல போய் சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்"னாங்க. கழுவிட்டு வந்தப்புறம் தான் சொன்னாங்க, உண்ணிலேர்ந்து பாக்டீரியாவும் ஒட்டுண்ணியும் மட்டும் இல்ல, வைரஸும் வரும், கால்நடைக்கும் வரும் மனுஷனுக்கும் வரும், எல்லா உண்ணியும் பரப்பாது, எல்லா இடத்துலயும் அந்த வைரஸ் இருக்காது, ஆனா நீங்க நசுக்குறது எதுனு உங்க நகத்துக்குத் தெரியாதேம்மானு. அந்தப் பேச்சு எனக்கு அப்படியே மனசுல தங்கிடுச்சு.

எங்க நாய்க்கு அதுக்கு முன்னாடி வருஷம் தான் உண்ணிக் காய்ச்சல் வந்து மூக்குல ரத்தம் வந்து, 28 நாள் மாத்திரை கொடுத்து பொழைக்க வச்சோம். அது எர்லிக்கியாங்கிற பாக்டீரியாவால வர்றது, பழுப்பு நிற நாய் உண்ணி பரப்புறது. அதனால உண்ணி நோய் பரப்பும்னு எனக்குத் தெரியும், ஆனா அதை நாய் சமாச்சாரமாவே நெனச்சுக்கிட்டு இருந்தேன், பாக்டீரியா வேற வைரஸ் வேறங்கிற வித்தியாசம் இங்க எவ்ளோ பெரிய விஷயம்னு புரியல. அது புரிய நானே ஒரு தடவ காய்ச்சல்ல படுக்க வேண்டியிருந்துச்சு, அதை பின்னாடி சொல்றேன்.

டாக்டரம்மா சொன்ன அன்னிக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சது, பல மாசம் விடல. உண்ணி பூச்சியே கிடையாது, சிலந்தி தேள் வகையறா, வளந்ததுக்கு எட்டு கால், முட்டைலேர்ந்து வந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு. உலகத்துல ஏறக்குறைய 900 வகை இருக்கு, அதுல மனுஷனுக்கு வைரஸ் பரப்புறது கொஞ்சம் வகைதான். ஆனா அந்தக் கொஞ்சம் பண்ணி வச்சிருக்குற வேலை சாதாரணமில்ல.

1957ல கர்நாடகாவுல ஷிமோகா மாவட்டத்துல கியாசனூர் காட்டுப் பக்கம் குரங்குங்க செத்து செத்து விழுந்துச்சு, கூடவே அந்த ஊர் ஜனங்களுக்கும் கடுமையான காய்ச்சல், சில பேருக்கு ரத்தக்கசிவு. ஆராய்ஞ்சு பாத்தா புதுசா ஒரு வைரஸ், காட்டுல இருக்குற ஹீமாஃபைசாலிஸ் ஸ்பைனிஜெராங்கிற உண்ணி தான் பரப்புது. குரங்குக் காய்ச்சல்னு சொல்றது இதைத்தான், கியாசனூர் காட்டு நோய்ங்கிறதும் இதுதான். வந்தவங்கள்ல 100க்கு 3லேர்ந்து 5 பேர் வரைக்கும் இறந்து போயிருக்காங்க. இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது குரங்கு சாகுறப்ப நடக்குறது தான், உடம்பு சில்லுனு ஆனதும் மேல இருக்குற உண்ணிக் குஞ்செல்லாம் இறங்கி சுத்தி இருக்குற சருகுல பரவிடும், அந்த இடமே கொஞ்ச நாளைக்கு ஆபத்தான இடமாயிடும். அதனால தான் காட்டோரம் செத்த குரங்கைப் பாத்தா கிட்ட போகாம உடனே வனத்துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ தகவல் சொல்லுங்கனு சொல்றாங்க. மாடு இதுல நோயாளி இல்ல, ஆனா காட்டுல மேயப் போற மாட்டு மேல வளந்த உண்ணிங்க ரத்தம் குடிச்சு முட்டை போட்டுப் பெருகும், அப்ப மாடு வைரஸைப் பெருக்காம உண்ணியைப் பெருக்குது.

அடுத்தது கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல், பேரு நீளம், 1944ல கிரிமியால பாத்தது, 1956ல காங்கோல பாத்த நோயும் அதேதான்னு பின்னாடி தெரிஞ்சு ரெண்டு ஊர்ப் பேரையும் சேத்து வச்சாங்க. இதைப் பரப்புறது ஹயலோமா உண்ணி. மத்த உண்ணிங்க புல் நுனில ஏறி முன்னங்கால நீட்டிக்கிட்டு யாராச்சும் உரசிட்டுப் போவாங்களானு காத்திருக்கும், ஆனா வளந்த ஹயலோமா காத்திருக்காது, நம்ம அசைவைப் பாத்து தரைல ஓடி வரும், கால்ல வெள்ளை வளையம் வளையமா இருக்கும். ஆடு மாட்டுக்கு இந்த வைரஸ் ஏறினா வெளில ஒண்ணுமே தெரியாது, நல்லா தின்னும், நல்லா நிக்கும், ஆனா ரத்தத்துல சுமார் ஒரு வாரம் வைரஸ் ஓடும். அந்த நேரத்துல அறுக்குறவங்களுக்கும் உண்ணியைக் கையால நசுக்குறவங்களுக்கும் ஒட்டும். மனுஷனுக்கு வந்தா 100க்கு 10லேர்ந்து 40 பேர் வரைக்கும் இறப்பு. மனுஷன்கிட்டேர்ந்து மனுஷனுக்கும் ரத்தம் மூலமா பரவும், 2011 ஜனவரில குஜராத்துல இது வந்தப்ப நோயாளிக்கு வைத்தியம் பாத்த டாக்டரும் நர்ஸும் இறந்து போனாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு என் கட்டைவிரல் நகத்தையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். எத்தன நூறு உண்ணியை அதுல நசுக்கியிருப்பேன், வெறும் கையோட, வெட்டுக்காயத்தோட.

ஐரோப்பாலேர்ந்து ரஷ்யா, ஆசியா வரைக்கும் இன்னொண்ணு இருக்கு, உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸ், 1937ல சோவியத்தோட கிழக்குக் கோடிக்கு ஒரு குழு போய் காட்டு வேலை செய்றவங்களுக்கு வர்ற மூளைக்காய்ச்சலுக்குக் காரணம் உண்ணிதான்னு கண்டுபிடிச்சாங்க. இதுல காய்ச்சல் ரெண்டு தடவையா வரும், முதல்ல சாதாரண காய்ச்சல் மாதிரி வந்து போயிடும், ஆளு எழுந்து நடமாடுவாங்க, ஒரு வாரம் கழிச்சு மறுபடி வந்து மூளையைத் தாக்கும். குரங்குக் காய்ச்சல்லயும் சில பேருக்கு இப்படி ரெண்டாவது சுற்று உண்டு. அமெரிக்கா, கனடால பொவாசான்னு ஒண்ணு, 1958ல கனடால பொவாசான்ங்கிற ஊர்ல ஒரு சின்னப் பையன் மூளைக்காய்ச்சல்ல இறந்தப்ப கண்டுபிடிச்சதால அந்தப் பேரு. சீனா, ஜப்பான், கொரியால பிளேட்லெட் சரசரனு இறங்குற ஒரு காய்ச்சல், 2009 வாக்குல சீனால தெரிய வந்தது, அதையும் உண்ணிதான் பரப்புது, ஜப்பான்ல நோய் வந்த பூனை கடிச்சும் அதோட எச்சில் ரத்தம் பட்டும் நேரா மனுஷனுக்கு வந்திருக்கு.

மனுஷனை விட்டுட்டு விலங்குக்கு மட்டும் வர்றதும் இருக்கு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனுஷனுக்கு ஒட்டவே ஒட்டாது, ஆனா வீட்டுப் பன்றிக்கு வந்தா பெரும்பாலும் பட்டியே காலி. ஆப்பிரிக்கால காட்டுப்பன்றி வளைக்குள்ள குடியிருக்குற மெத்து உண்ணி, அதாவது முதுகுல கெட்டி ஓடு இல்லாத வகை, அது இந்த வைரஸை வருஷக்கணக்கா உடம்புல வச்சிருக்கும். செம்மறி, வெள்ளாட்டுக்கு வர்ற நைரோபி ஆட்டு நோய் உண்ணியால வர்ற வைரஸ் தான், ஒடிசால கஞ்சம் வைரஸ்னு தனியா கண்டுபிடிச்சதும் அதே வைரஸ் தான்னு பின்னாடி தெரிஞ்சுது. ஸ்காட்லாந்து பக்கம் செம்மறி ஆடுங்க தள்ளாடி துள்ளி விழுற ஒரு நோய் இருக்கு, அதுவும் உண்ணி தான். ஆடு வச்சிருக்குறவங்களுக்கு இது சும்மா தகவல் இல்ல, ஒரு ஆடு படுத்தா என்ன ஆகும்னு வீட்டுக்கே தெரியும்.

சரி, உண்ணி வாய்க்குள்ள வைரஸ் எப்படி வருது? நான் முதல்ல ஊசி மாதிரினு நெனச்சேன், ஒருத்தர் ரத்தம் ஒட்டிக்கிட்டு அடுத்தவங்களுக்குப் போகும்னு. அப்படி இல்ல. குஞ்சா இருக்கும்போது ஒரு எலியையோ பறவையையோ கடிச்சு ரத்தம் குடிக்குது, அந்த ரத்தத்துல வைரஸ் இருந்தா அது உண்ணியோட குடலைத் தாண்டி உள்ள போய் பெருகணும், எச்சில் சுரப்பி வரைக்கும் போகணும், உண்ணி தோல் உரிச்சு அடுத்த பருவத்துக்கு மாறும்போதும் செத்துப் போகாம இருக்கணும், அப்புறம் அடுத்த உயிரைக் கடிக்கும்போது எச்சிலோட இறங்கும். இதெல்லாம் செய்ய முடிஞ்ச வைரஸ் மட்டும் தான் உண்ணில பொழைக்கும். அதனால தான் எச்ஐவி உண்ணி மூலமா வராது, நாய்க்கடியால வர்ற ரேபிஸும் உண்ணி மூலமா வராது, இந்த ரெண்டு கேள்வியும் என்கிட்ட நிறைய பேர் பயந்து போய் கேட்டிருக்காங்க. சில வைரஸ் தாய் உண்ணிலேர்ந்து முட்டைக்கும் போகும். ஒரே எலி மேல பக்கத்து பக்கத்துல கடிச்சுக்கிட்டு இருக்குற ரெண்டு உண்ணிக்கு நடுவுல, எலி ரத்தத்துல வைரஸ் பெருசா இல்லாமலேயே ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு போகும்னும் கண்டுபிடிச்சிருக்காங்க.

அந்த எச்சிலே தனி வேலைக்காரன். மரத்துப் போக வைக்குது, ரத்தம் உறையாம பாத்துக்குது, தோல்ல சிமெண்ட் மாதிரி ஒட்டிக்குது, நம்ம உடம்போட எதிர்ப்பையும் அந்த இடத்துல அமுக்கி வைக்குது. கொசு கடிச்சா தட்டுறோம், உண்ணி கடிச்சா தெரியறதே இல்ல, அது நாள் கணக்குல உக்காந்து குடிக்கும், வளந்த பெண் உண்ணி ஒரு வாரத்துக்கு மேலயும் இருக்கும்.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

டாக்டரம்மா சொன்னதுக்கு அப்புறம் நசுக்குறதை நிறுத்திட்டேன், உண்ணி எடுத்தா செல்லோடேப்ல ஒட்டி மடிச்சு வைக்கிற பழக்கம் வந்துச்சு. ஆனா என் உடம்பைப் பாக்குற பழக்கம் வரல. ஒரு நாள் காலைல ஆடு மேய்ச்சலுக்கு புதர்ப் பக்கமா போயிட்டு வந்தேன், ராத்திரி குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னாடி கசகசா அளவுல ஒரு கறுப்புப் புள்ளி, நகத்தால சுரண்டினா வரல, டார்ச் அடிச்சு வீட்டுக்காரரைப் பாக்கச் சொன்னா கால் அசையுதுங்குறாரு. இளம் உண்ணி. மாமனார் மண்ணெண்ணெய் வைனாரு, வேண்டாம் மாமானு சொல்லிட்டு ட்வீசர்ல எடுத்தோம், டேப்ல ஒட்டி தேதி போட்டு வச்சேன். 24 மணி நேரத்துக்குள்ள எடுத்துட்டா ஒண்ணும் ஆகாதுனு எங்கயோ படிச்சது ஞாபகம் இருந்துச்சு, அதனால நிம்மதியா தூங்கிட்டேன்.

ஆறாவது நாள் காய்ச்சல். சும்மா காய்ச்சல் இல்ல, தலை பின்பக்கம் பிளக்குது, தொடை சதை எல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, வெளிச்சத்தைப் பாக்க முடியல. முதல்ல போன கிளினிக்ல வைரல் ஃபீவர்னு பாராசிட்டமால் கொடுத்தாங்க, டெங்கு டெஸ்ட் எடுத்தாங்க, இல்லனு வந்துச்சு, பிளேட்லெட் மட்டும் 1,10,000க்கு இறங்கியிருந்துச்சு. அங்க யாரும் உண்ணி கடிச்சுச்சானு கேக்கல, நானும் சொல்லல. ஏன் சொல்லலனு இப்ப யோசிச்சா வேதனையா இருக்கு, 24 மணி நேரத்துக்குள்ள எடுத்துட்டோமே, அது முடிஞ்சு போன விஷயம்னு மனசு முடிவு பண்ணிடுச்சு. மூணு நாள் அப்படியே போச்சு. அப்புறம் வேற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப வயசான ஒரு டாக்டர், நாடி பிடிக்குறதுக்கு முன்னாடியே, வீட்ல ஆடு மாடு நாய் இருக்காம்மா, காடு புதர்னு எங்கயாச்சும் போனீங்களா, உண்ணி கடிச்சுச்சானு வரிசையா கேட்டாரு. வீட்டுக்காரர் ஓடிப் போய் அந்த டேப்பை எடுத்துட்டு வந்தாரு. அன்னிக்கே டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை ஆரம்பிச்சாரு, டெஸ்ட் ரிசல்ட்டுக்கு காத்திருக்கல, காத்திருக்கக் கூடாதும்மானு சொன்னாரு. ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுத்த ரத்தத்துல ரிக்கெட்சியானு உறுதியாச்சு, அது ஒரு வகை பாக்டீரியா.

ஆமா, எனக்கு வந்தது வைரஸ் இல்ல. இதை மறைக்காம சொல்றேன், ஏன்னா டிஸ்சார்ஜ் அன்னிக்கு அந்த டாக்டர் சொன்ன வார்த்தை தான் இதை எழுதுறதுக்கே காரணம். "பாக்டீரியாங்கிறதால மாத்திரை கேட்டுச்சும்மா, உண்ணி கொண்டு வந்தது வைரஸா இருந்திருந்தா இந்த மாத்திரை ஒண்ணும் பண்ணியிருக்காது, உங்க உடம்பு தாங்குற வரைக்கும் நாங்க பக்கத்துல நின்னு தாங்கிப் புடிச்சிருப்போம்". குரங்குக் காய்ச்சலுக்கு தனியா மருந்து கிடையாது, நீர்ச்சத்து, ரத்தம், பிளேட்லெட்னு பாத்துக்கிட்டு தான் காப்பாத்தறாங்க. கிரிமியன் காங்கோவுக்கு ரிபாவிரின்ங்கிற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பாக்கறாங்க. ஐரோப்பால இருக்குற மூளைக்காய்ச்சலுக்கு நல்ல தடுப்பூசி இருக்கு, ஆனா அது முன்னாடியே போட்டுக்கணும், வந்தப்புறம் பிரயோஜனமில்ல, அந்தப் பக்கம் வேலைக்கோ படிக்கவோ போய் காடு மலைனு சுத்துறவங்க டாக்டர்கிட்ட இதைக் கண்டிப்பா கேட்டுக்கணும்.

அந்த 24 மணி நேரக் கணக்கைப் பத்தியும் அவர்கிட்ட கேட்டேன். அது எங்கேர்ந்து வந்துச்சுன்னா லைம் நோய்லேர்ந்து, அதுவும் உண்ணி பரப்புற ஒரு பாக்டீரியா நோய். லைம் பாக்டீரியா உண்ணியோட குடல்ல தூங்கிக்கிட்டு இருக்கும், உண்ணி ரத்தம் குடிக்க ஆரம்பிச்சப்புறம் தான் முழிச்சு, மெதுவா எச்சில் சுரப்பிக்கு நகர்ந்து வரும், அதுக்கு ஒரு நாளுக்கு மேல ஆகும், அதனால அதுக்குள்ள எடுத்துட்டா பெரும்பாலும் தப்பிச்சுடலாம். வைரஸ் அப்படி இல்ல, அது ஏற்கனவே எச்சில் சுரப்பில வந்து உக்காந்திருக்கும். உண்ணி வாயை வச்ச கொஞ்ச நிமிஷத்துலயே மூளைக்காய்ச்சல் வைரஸ் இறங்கிடும், பொவாசான் வைரஸ் 15 நிமிஷத்துல எலிக்குப் போனதை சோதனை பண்ணிப் பாத்திருக்காங்க. என் நோய்க்கும் ஒரு நாள்லாம் தேவையில்லையாம், சில மணி நேரமே போதுமாம். அதுக்கு மேல, அந்த உண்ணி அன்னிக்குக் காலைல தான் ஏறுச்சுனு எனக்கு என்ன நிச்சயம்? முதநாளே ஏறியிருக்கலாம். அப்படினா சீக்கிரம் எடுக்குறது வீணானு கேக்காதீங்க, எவ்ளோ சீக்கிரம் எடுக்குறமோ அவ்ளோ நல்லது, உள்ள போற எச்சில் குறையும். ஆனா எடுத்துட்டதால கதை முடிஞ்சுதுனு நெனக்கக் கூடாது, அங்க தான் நான் தப்பு பண்ணேன்.

எடுக்குற முறை நிறைய பேர் வீட்ல இன்னும் தப்பாவே நடக்குது. மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி, வாசலைன், நெயில் பாலிஷ் எதுவும் வேண்டாம், தொந்தரவு பண்ணா அது வாயை எடுக்குறதுக்குள்ள இன்னும் எச்சிலைக் கக்கும். முனை மெலிசா இருக்குற ட்வீசரை எடுத்து, உண்ணியோட வயித்தைப் புடிக்காம தோலை ஒட்டி வாய்ப்பகுதியைப் புடிச்சு, முறுக்காம, வெடுக்குனு இழுக்காம, ஒரே சீரா மேல பாத்து இழுக்கணும். கொஞ்சம் நேரம் ஆகும், பொறுமையா இழுத்தா முழுசா வந்துடும். வாய் நுனி உள்ள தங்கிட்டா ஊசி வச்சு நோண்டாதீங்க, தோல் ஆறும்போது அதுவே தள்ளிடும். அப்புறம் கடிச்ச இடம், கை ரெண்டையும் சோப்பு போட்டுக் கழுவி ஸ்பிரிட் தடவணும். ட்வீசர் இல்லனா கைல பிளாஸ்டிக் கவரோ கிளவுஸோ மாட்டிக்கிட்டு எடுங்க. எடுத்ததை நசுக்காம டேப்ல ஒட்டியோ சின்ன டப்பால ஸ்பிரிட் ஊத்திப் போட்டோ மூடணும், மேல தேதி, உடம்புல எந்த இடம், எங்க போயிட்டு வந்தோம்னு எழுதணும். போன்ல ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க.

வெளில போயிட்டு வந்தா பாக்க வேண்டிய இடம் முழங்கால் பின்பக்கம், தொடை இடுக்கு, தொப்புள், அக்குள், காதுக்குப் பின்னாடி, தலைமுடி ஓரம், இடுப்புல துணி இறுக்குற இடம். குழந்தைங்களுக்கு தலைக்குள்ள விரல் விட்டுத் தடவிப் பாக்கணும். உண்ணி பறக்காது, தாவாது, மரத்துலேர்ந்து குதிக்காது, கீழ புல்லு சருகுலேர்ந்து ஏறித் தான் வரும், அதனால முழுக்கால் சட்டை போட்டு அதை சாக்ஸுக்குள்ள விடுறது பாக்க எப்படி இருந்தாலும் நல்லா வேலை செய்யுது, வெளிர் நிறத் துணினா ஏறுறது கண்ணுக்குத் தெரியும். தோலுக்கு டீட் (DEET) கலந்த பூச்சி விரட்டி மருந்து தடவலாம், துணிக்கு மட்டும் பெர்மெத்ரின்ங்கிற பூச்சிமருந்து அடிக்கலாம். வந்ததும் துணியைக் கட்டில் மேல போடாம நேரா சுடுதண்ணில போட்டுடணும், வெறும் பச்சத்தண்ணில துவைச்சா உண்ணி சாகாது.

பிராணிங்க விஷயத்துல ஒண்ணு அழுத்திச் சொல்றேன், நாய்க்கு வாங்குன பெர்மெத்ரின் மருந்தை பூனைக்குப் போட்டா பூனை செத்துடும், பூனை இருக்குற வீட்ல நாய்க்குப் போடுறதுக்கும் டாக்டரைக் கேளுங்க. ஐவர்மெக்டின்ங்கிற ஒட்டுண்ணி மருந்து, கோலி (Collie) இன நாய் மாதிரி சில நாய் வகைக்கு ஆகாது. மாசத்துக்கு ஒரு தடவையோ மூணு மாசத்துக்கு ஒரு தடவையோ கொடுக்குற மாத்திரைங்க இப்ப இருக்கு, எங்க நாய்க்கு டாக்டரம்மா எடை பாத்து அளவு எழுதிக் கொடுக்கறாங்க, நானா முடிவு பண்றதில்ல. வீட்டுக்குள்ளயே குடும்பம் நடத்துறது பழுப்பு நாய் உண்ணி தான், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும், சுவர் விரிசல், கதவு நிலை, நாய் படுக்குற சாக்குக்கு அடினு ஒளிஞ்சுக்கும், ரத்தம் இல்லாம மாசக்கணக்குல இருக்கும். அதனால நாய்க்கு மட்டும் மருந்து போட்டு இடத்தை விட்டா ஒரு மாசத்துல பழையபடி வந்துடும். நாங்க கொட்டகை சுவர் விரிசலை சிமெண்ட் வச்சு அடைச்சோம், சுத்தி புல்லை ஒட்ட வெட்டினோம், படுக்கைச் சாக்கை வாராவாரம் கொதிக்குற தண்ணில போடுறோம். ஆடுங்களுக்கு உண்ணி எடுக்கும்போது கிளவுஸ் கட்டாயம், மாமனாரும் இப்ப மாட்டிக்கிறாரு, முதல்ல கை வழுக்குதுனு சொன்னவரு தான்.

எனக்கு உடம்பு சரியானப்புறம் நாத்தனார் போன் பண்ணி நாயை எங்கயாச்சும் விட்டுடுங்க, ஆட்டையும் வித்துடுங்கனு அழுதாங்க. அவங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா என்னைக் கடிச்சது நாய்லேர்ந்து வந்த உண்ணி இல்ல, புதர்லேர்ந்து வந்தது. நாயும் என்னை மாதிரியே கடி வாங்குற ஜீவன். நாயை விரட்டினா புதர்ல இருக்குற உண்ணி குறையப் போறதில்ல, உண்ணி மருந்து போட்ட நாய் தெருவுல மருந்து இல்லாம திரியும், அவ்ளோதான் நடக்கும்.

பால் விஷயமும் இருக்கு. மூளைக்காய்ச்சல் வைரஸ் இருக்குற நாடுகள்ல உண்ணி கடிச்ச ஆட்டோட பச்சைப் பாலைக் குடிச்சே குடும்பம் குடும்பமா நோய் வந்திருக்கு, உண்ணி அவங்களைத் தொடவே இல்ல. காய்ச்சினா வைரஸ் செத்துடும். நாங்க இப்ப கறந்த சூட்டோட குடிக்கிறது கிடையாது. அதே மாதிரி கிரிமியன் காங்கோ விஷயத்துல ஆடு மாடு அறுக்குறவங்க, கன்னு ஈனும்போது உதவி பண்றவங்க வெறும் கையோட ரத்தத்தைத் தொடக் கூடாது, நல்லா வெந்த கறியால வராது, அறுக்குற நேரத்து ரத்தம் தான் பிரச்சனை.

கடிச்சப்புறம் எத்தன நாள் கவனிக்கணும்னு கேட்டா, கிரிமியன் காங்கோ 1லேர்ந்து 3 நாள்லயே வரலாம், குரங்குக் காய்ச்சல் 3லேர்ந்து 8 நாள், உண்ணி மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் 1லேர்ந்து 2 வாரம், பொவாசான் ஒரு மாசம் கூட ஆகலாம். அதனால நான் ஒரு மாசக் கணக்கு வச்சிருக்கேன். அதுக்குள்ள காய்ச்சல், கடுமையான தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, ஈறு மூக்குல ரத்தம், தோல்ல சிவப்புப் புள்ளி எது வந்தாலும் டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடியே நாமளே சொல்லணும், உண்ணி கடிச்சுது, இந்தத் தேதி, இந்த இடம், இந்தப் பக்கம் போயிருந்தேன், வீட்ல இந்தப் பிராணிங்க இருக்குனு. ஆஸ்பிரின், ஐப்ரூஃபன் நாமளா போடக்கூடாது, ரத்தக்கசிவு இருந்தா அதிகமாக்கிடும், பாராசிட்டமால் தான். ஒரு தடவ காய்ச்சல் விட்டு நல்லாயிட்டோம்னு நெனச்சப்புறம் மறுபடி வந்தா அன்னிக்கே போகணும், நாளைக்குப் பாக்கலாம்னு விடவே கூடாது.

எங்க வீட்டு காலண்டர் பின்பக்கத்துல இப்ப டேப் டேப்பா ஒட்டியிருக்கு. கடைசியா ஒட்டுனது மாமனார் தோள்ல எடுத்தது, பதினொரு நாள் ஆச்சு. தினமும் சாயங்காலம் காய்ச்சல் பாத்து பக்கத்துல எழுதுறேன், அவரும் முனகாம தெர்மாமீட்டரை வாய்ல வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, இன்னும் பத்தொம்போது நாள் இருக்கு.